பெரட்டுக்கு வராத செயலி

பெண்டாங் பக்கத்துத் தோட்டங்களில் பெரட்டு என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். விடியுமுன் எல்லாரும் வந்து நின்று, பேர் கூப்பிட்ட பிறகுதான் வேலை. இன்டெல் கணினியிலும் ஒரு பெரட்டு உண்டு. வன்பொருள் பழுதாகி 'மெஷின் செக்' எழுந்தால் செய்தி எல்லாச் செயலிகளுக்கும் போகும். இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னல், அத்தனையும் கூடும்வரை காத்திருக்கும். ஒன்று வரலைன்னாலும், நேரம் முடிந்ததும் கணினியையே நிறுத்திவிடும்.

முன்பெல்லாம் கெர்னல் நிலைகுலைந்தால், தன் சாவுக்கான சாட்சியத்தை அதுவே எழுத வேண்டும், அதுவும் நம்ப முடியாத நிலையிலிருக்கும் தன் சொந்த டிரைவர் நிரல்களை வைத்து. ஐபிஎம் இந்தியாவின் விவேக் கோயலும் ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தாவும், எரிக் பீடர்மனின் கெக்செக்கை அடித்தளமாக வைத்துக் கேடம்ப்பைக் கொண்டுவந்தார்கள். ஒதுக்கிவைத்த நினைவகத்தில் இன்னொரு கெர்னல் தயாராக இருக்கும். முதலாவது விழுந்ததும் பயாஸ் பக்கமே போகாமல் எழுந்து, செத்ததன் நினைவகத்தைக் கோப்பாக எடுத்து வைக்கும். 2005-இல், லினக்ஸ் 2.6.13 பதிப்பில் சேர்ந்தது. எனக்கு இன்றும் பிடித்த யோசனை.

ஆனால் வன்பொருள் அதேதானே? மற்ற செயலிகள் விழுந்த கெர்னலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து மெஷின் செக் வந்தால், அவை பழைய பெரட்டுக் களத்தில் கூடி, புதுக் கெர்னலுக்குப் போய்விட்ட செயலிக்காகக் காத்திருக்கும். அது எப்படி வரும்? நேரம் முடியும், கணினி ரீசெட் ஆகும், பழுதா பிழையா என்று சொல்ல இருந்த சாட்சியமும் போச்சு.

திருத்தம் 2017-இல்தான் வந்தது. நிலைகுலைவு தொடங்கிவிட்டால், மற்ற செயலிகள் யாருக்கும் காத்திருக்காமல் குறியை அழித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சில வரி நிரல்தான்.