ஊரார் திடல்



கோல்ஃப் என்றால் செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே நம் நாட்டில் பலரும் கருதுவர். அவ்வாட்டம் வளர்ந்த தொட்டிலாகிய செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் கதையோ வேறு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள அவ்வூரின் 'பழைய திடல்' எந்தச் சங்கத்தின் சொத்தும் அன்று. அது பொது நிலம். பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு, ஆட்டத்தைவிட அந்நிலத்தின் வரலாறே சுவையாகத் தோன்றுகிறது.

1457-இல், இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபைத் தடை செய்தது. தடை நிலைக்கவில்லை. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன், கடலோர மணல்வெளியில் முயல் வளர்க்க ஊராரின் இசைவு பெற்றார். அந்தச் சாசனமே, அங்கு விளையாடும் உரிமை ஊராருக்கு உண்டென்பதையும் உறுதி செய்தது.

சங்கம் தோன்றியது இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே. 1754-இல் பெருமக்கள் 22 பேர் கூடி அதனை நிறுவினர். ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்றிருந்த கணக்கு 1764-இல் 18 ஆயிற்று. பின்னர் உலகமே அவ்வெண்ணை ஏற்றது. 1834-இல் நான்காம் வில்லியம் மன்னர் சங்கத்துக்கு 'ராயல்' என்னும் பட்டம் அளித்தார்.

இதற்கிடையே திடலுக்குப் பேராபத்து வந்தது. 1797-இல் கடனில் மூழ்கிய நகரசபை அதனைக் கைவிட்டது. நிலம் முயல் வணிகர்வசம் சென்றது. முயல்கள் வளை தோண்டப் புல்தரை பாழாயிற்று. ஆட்டக்காரர் வழக்காடினர், ஊராரோ முயல்களைக் கொன்றனர். 1821-இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அந்நிலத்தை வாங்கிய பின்னரே பூசல் ஓய்ந்தது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரசபையே திடலை வாங்கிற்று. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பராமரிப்பை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது.

சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க இசைந்தது 2014-இல்தான். திடலின் இயல்போ வேறு. பெரும்போட்டிகள் நடக்கும் நாட்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கு ஆட்டம் இல்லை. யாவரும் குழந்தைகளுடன் உலவலாம்.

நம் ஊர்களிலும் மந்தைவெளியும் மேய்ச்சற் புறம்போக்கும் உண்டு. பொது நிலத்தைக் காக்க எழுதிவைத்த சாசனம் வேண்டும். அதனை மறவாத ஊராரும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் நிலம் கைமாறிவிடும் என்பதே அத்திடல் நமக்குக் கற்பிக்கும் பாடம்.