தொலைக்காட்சி வந்த ஊர்: கற்பனைத்திறன் கட்டுரைக்கு ஒரு வரலாற்றுச் சான்று



'திரைகள் கற்பனைத்திறனைக் குறைக்கின்றனவா?' என்ற தலைப்பைக் கொடுத்தால் நம்ம மாணவர்கள் மளமளவென்று எழுதிவிடுவார்கள். 'எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடும். கருத்து இருக்கும், சான்று இருக்காது. அந்தக் குறைக்கு உதவும் ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. கனடாவில் அது 1952இலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரு சிற்றூருக்கு 1973 வரை தொலைக்காட்சி எட்டவில்லை. மக்கள் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. ஊர் பள்ளத்தாக்கில் இருந்ததால் அலைவரிசை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அது சுற்றுவட்டார ஊர்களைப் போன்ற சாதாரண ஊர்.

அங்கே தொலைக்காட்சி வரப்போகிறது என்று அறிந்த உளவியலாளர் டேனிஸ் மெக்பெத் வில்லியம்ஸ், அது வருவதற்கு முன்பே தம் குழுவோடு ஆய்வைத் தொடங்கினார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'நோடெல்' என்று பெயரிட்டார். ஒப்பிடுவதற்கு மேலும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் ஒரே அலைவரிசை. மற்றொன்றில் பல அலைவரிசைகள். முதல் சோதனைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தார். முடிவுகள் 1986இல் நூலாக வெளிவந்தன.

கற்பனைத்திறனை அளந்த முறை எளிமையானது. ஓர் அன்றாடப் பொருளைச் சொல்லி, அதை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்பார்கள். தொலைக்காட்சி வருவதற்கு முன், நோடெல் பிள்ளைகள் மற்ற இரண்டு ஊர்ப் பிள்ளைகளைவிட அதிக யோசனைகளைச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்த முன்னிலை மறைந்தது. நோடெல் பிள்ளைகளும் மற்றவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டார்கள். ஆனால் சொல்வளச் சோதனையில் இப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. அப்போ, தொலைக்காட்சி எல்லாத் திறன்களையும் கெடுத்தது என்று எழுதினால் தவறாகிவிடும்.

ஏன் இப்படி நடந்தது? ஊர் நிகழ்ச்சிகளிலும் விளையாட்டுகளிலும் மக்கள் கலந்துகொள்வது குறைந்ததையும் ஆய்வு காட்டியது. என் கருத்து இதுதான்: திரை என்ன காட்டியது என்பதைவிட, எந்த நேரத்தை எடுத்துக்கொண்டது என்பதே முக்கியம். 'போர் அடிக்குது' என்று பிள்ளை சொல்லும் நேரத்தில்தான் குச்சி வாளாகிறது, பெட்டி வீடாகிறது. அந்த நேரத்தைத் திரை நிரப்பிவிட்டால் கற்பனைக்கு வேலையில்லை.

தேர்வு எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஒரு சிற்றூரில், 50 ஆண்டுகளுக்கு முன், தொலைக்காட்சியைப் பற்றி நடந்த ஆய்வு. திறன்பேசிக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. தொலைக்காட்சியைப் பார்க்க மட்டும்தான் முடிந்தது; இன்றைய திரையில் படைக்கவும் முடியும். எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மென்பொருளில் பிள்ளைகள் தாங்களே கதையும் விளையாட்டும் உருவாக்குகிறார்கள். ஆகவே 'திரை நல்லதா, கெட்டதா' என்பதோடு நிறுத்தாமல், 'பார்க்கிறோமா, படைக்கிறோமா' என்று கேட்டு எழுதுங்கள். கட்டுரை வலுப்பெறும்.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடத்தில் அதன் பயன்களை எழுதச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். புதியவை அதற்குப் பிறகுதான் வரும்.