ஸ்தாவ்ரோஸ் நியார்க்கோஸ் கலாசார நிலையம்

கிரேக்க நாட்டின் தலைநகராகிய ஆதென்ஸுக்குத் தெற்கே, ஃபாலிரோ விரிகுடாவை அடுத்த கல்லித்தேயா என்னும் பகுதியில், ஏறக்குறைய 21 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள பொதுப் பூங்காவினுள் அமைந்த கலாசார நிலையம் இது. கிரேக்க தேசிய நூலகமும் தேசிய ஓப்பரா அரங்கமும் இதனுள் இடம்பெற்றுள்ளன. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ வகுத்த திட்டப்படி 2012-இல் தொடங்கிய நிர்மாண வேலை, நாடு கடன் நெருக்கடியில் சிக்கித் தத்தளித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே நடைபெற்று, 2016-இல் நிறைவெய்தியது. கப்பல் வணிகர் ஸ்தாவ்ரோஸ் நியார்க்கோஸின் (1909–1996) பெயரால் இயங்கும் அறநிதியம், தன் சொந்தச் செலவில் கட்டிய இந்நிலையத்தை 2017 பிப்ரவரியில் கிரேக்க அரசிடம் ஒப்படைத்தது.

கல்லித்தேயா என்ற சொல்லுக்கு அழகிய காட்சி என்பது பொருள். எனினும், கடற்கரைக்கு இத்தனை அருகில் இருந்தும், இடையில் எழுந்த கட்டடங்களும் கரையோரப் பெருஞ்சாலையும் கடலை மறைத்துவிட்டமையால், பெயர் நிலைத்ததேயன்றிக் காட்சி நிலைக்கவில்லை. நிலையம் எழுந்த மனையோ, நெடுங்காலம் குதிரைப் பந்தயத் திடலாயிருந்து, 2004-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவின்போது வண்டிகள் நிறுத்தும் இடமாகப் பயன்பட்ட நிலம். இழந்த காட்சியை மீட்கும் பொருட்டு வானளாவிய கோபுரம் ஒன்றை எழுப்பாமல், விரித்த பாயின் ஓர் ஓரத்தை மட்டும் தூக்கிப் பிடித்தாற்போல் நிலத்தையே கடலை நோக்கிச் சரிவாக உயர்த்தி, சுமார் 32 மீட்டர் உயரமுள்ள செயற்கைக் குன்றாக்கி, அதன் அடியில் நூலகத்தையும் அரங்கத்தையும் பியானோ அமைத்தார். தைமும் ரோஸ்மேரியும் லாவெண்டரும் மணக்கும் புதர்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் நடுவே மெல்ல ஏறிச் செல்பவர், தாம் நடப்பது ஒரு நூலகத்தின் கூரைமீது என்ற நினைவே இன்றி உச்சியை அடைந்து, ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் ஆதென்ஸின் பண்டைக் கோட்டைக் குன்றாகிய அக்ரோபோலிஸையும் காண்கிறார்.

சுற்றுச்சூழற் சிக்கனத்தின் பெரும்பகுதி இந்த மண்ணிலேயே அடங்கியிருக்கிறது. கூரைமேல் பரப்பிய மண் கோடையின் கடும் வெப்பம் உள்ளே இறங்குவதைத் தடுக்கிறது. செடிகளோ வறட்சி தாங்கும் மத்தியதரைக் கடற் பிரதேசத்து இனங்களாகையால் நீரை மிகுதியாக வேண்டுவதில்லை. பூங்காவின் தாவர அமைப்பை வகுத்தவர் டெபோரா நெவின்ஸ் என்ற அமெரிக்கத் தோட்டக் கலைஞர்.

குன்றின் உச்சியில், பக்கத்துக்கு 100 மீட்டர் கொண்ட சதுர வடிவான விதானம் ஒன்று, 30 மெல்லிய எஃகுத் தூண்களின்மேல் மிதப்பதுபோல் நிற்கிறது. நெருக்கமான கம்பி வலையின்மேல் சிமெண்டுக் காரையைப் பூசி இறுக்கும் பெரோசிமெண்டு முறையால் ஆகிய இதன் தோல் சில சென்டிமீட்டர் தடிப்பே உள்ளது. பிரான்ஸில் லாம்போ என்பவர் 1848-இல் இதையொத்த முறையில் படகு கட்டினார். இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியப் பொறியியலாளர் நெர்வி இதே முறையில் கப்பலும் கட்டினார், மண்டபங்களும் கட்டினார். கப்பல் வணிகரின் கொடைக்குப் படகுத் தொழிலின் பொருளே முடிசூட்டியிருப்பது தற்செயலாயினும் பொருத்தமே. நிலநடுக்கம் நேரும் நாடாகையால், காற்றுக்கும் அதிர்ச்சிக்கும் வெப்பத்தின் விரிவுக்கும் இடங்கொடுக்கும் வில் அமைப்புகள் தூண்களுக்கும் விதானத்துக்கும் இடையே பொருத்தப்பட்டுள்ளன. மேற்பரப்பைச் சூரிய மின்பலகைகள் மூடியுள்ளன. அவை நிலையத்தின் மின்தேவையில் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றன. சுற்றுச்சூழலுக்கு இசைந்த கட்டடங்களுக்கு வழங்கப்படும் லீட் என்னும் தரச்சான்றில் மிக உயர்ந்ததாகிய பிளாட்டினம் நிலை 2016-இல் இந்நிலையத்துக்குக் கிடைத்தது. இத்தனை எஃகையும் சிமெண்டையும் உண்டாக்கச் செலவான சக்தியையும் கணக்கில் சேர்த்தால் விதானத்தின் சிக்கனம் வாதத்துக்குரியதே. மின்பலகைகளை மட்டும் தாங்குவதற்கு இதனினும் எளிய சட்டங்கள் போதும். ஆயினும் விதானத்தின் கீழே, கண்ணாடிச் சுவர்களுடைய கலங்கரை விளக்கம் என்ற கூடத்தில் நிற்பவருக்கு, சூரியனின் உக்கிரம் தணிந்த நிழலில் கடலைப் பார்க்கும் வசதி கிடைக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அரங்கத்தின் பிரதான மண்டபத்தில் 1,400 பேரும், சிறிய மண்டபத்தில் 400 பேரும் அமரலாம். அரங்கத்துக்கும் நூலகத்துக்கும் இடையிலுள்ள திறந்த முற்றத்துக்கு, பண்டைக் கிரேக்க நகரங்களின் பொதுமன்றத்தை ஒட்டி, அகோரா என்று பெயரிட்டிருக்கிறார்கள். தேசிய நூலகம் முன்பு இருந்தது, வல்லியானோஸ் சகோதரர்கள் என்ற வணிகர்களின் கொடையால் எழுந்ததும் டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹான்ஸனின் திட்டத்தில் உருவானதுமான சலவைக்கல் மாளிகையில். அகன்று வளைந்த படிகளின்மேல், தூண்கள் தாங்கும் கோயில் முகப்புடன், அது வீதியை நோக்கிக் கம்பீரமாக நிற்கும். புதிய இருப்பிடமோ புல்லுக்கும் புதருக்கும் கீழே ஒதுங்கிக்கொண்டது.

குன்றேற இயலாதவர்களுக்கும் நீரின் அண்மை கிட்டும்படி, 400 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள கால்வாய் ஒன்று வெட்டிக் கடல்நீர் நிரப்பப்பட்டிருக்கிறது. அதன் ஓரமாக நடைபாதை செல்கிறது. நீரில் சிறுவர்கள் துடுப்புப் போடவும் பாய்மரம் செலுத்தவும் பழகுகிறார்கள்.