வாயுவின் அழுத்தமும் வெப்பநிலையும்: அமோண்டன் விதியின் வரலாறு

பருமன் மாறாமல் இருக்கும்போது, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பாடநூல்கள் பலவற்றில் இது கே-லூசாக் விதி என்று அச்சிடப்பட்டுள்ளது. ஆனால் கே-லூசாக் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தொடர்பைச் சோதனையில் கண்டவர் கியோம் அமோண்டன் என்ற பிரெஞ்சு அறிஞர். இதனால் இதனை அமோண்டன் விதி என்றும் அழைப்பர்.

பாயிலுக்குப் பின் எழுந்த கேள்வி

1662 ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில், வாயுவின் அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் மாறுகின்றன என்று வெளியிட்டார். வெப்பநிலை மாறாதபோதுதான் இது பொருந்தும். வெப்பநிலை மாறினால் அழுத்தம் எவ்வளவு மாறும் என்பதற்கு அன்று விடை இல்லை. அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை அளவுகோலும் கிடையாது. பாரன்ஹீட் அளவுகோல் 1724 இலும் செல்சியஸ் அளவுகோல் 1742 இலும்தான் வந்தன. வெப்பத்தை அளக்கும் கருவியே சரியாக இல்லாத காலத்தில், வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கியோம் அமோண்டன்

அமோண்டன் 1663 இல் பாரிசில் பிறந்தார். இளம் வயதிலேயே செவித்திறனை இழந்தார். பல்கலைக்கழகத்தில் பயிலாமல், கணிதத்தையும் இயந்திரவியலையும் தாமாகவே கற்றார். அழுத்தமானி, வெப்பமானி, ஈரமானி ஆகியவற்றைத் திருத்தி அமைப்பதில் ஈடுபட்டார். 1699 இல், சூடான காற்றின் விரிவால் சுழலும் ஒரு சக்கரத்துக்கான திட்டத்தைப் பாரிசு அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். அத்தகைய இயந்திரம் வேலை செய்ய, சூடேறிய காற்று எவ்வளவு விசையுடன் தள்ளும் என்பது தெரிய வேண்டும்.

1702 ஆம் ஆண்டின் காற்று வெப்பமானி

1702 இல் அவர் விவரித்த கருவி எளியது. ஒரு கண்ணாடிக் குமிழில் காற்று இருக்கும். அதனோடு இணைந்த வளைந்த குழாயில் பாதரசம் இருக்கும். குமிழைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் காற்று விரிய முயலும். அது விரியாதபடி குழாயில் பாதரசத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும். பருமனை மாறாமல் வைக்க எவ்வளவு உயரப் பாதரசம் தேவையோ, அதுவே வெப்பத்தின் அளவு. குழாயிலுள்ள பாதரச உயரத்தோடு வளிமண்டல அழுத்தத்தையும் அவர் சேர்த்துக் கணக்கிட்டார். பின்னால் வரும் கணக்குக்கு இது மிகவும் முக்கியம்.

இதில் இரண்டு முடிவுகள் கிடைத்தன. நீர் கொதிக்கத் தொடங்கியபின் எவ்வளவு தீ மூட்டினாலும் அதன் வெப்பநிலை உயர்வதில்லை என்பது ஒன்று. குளிர்ந்த நீரிலிருந்து கொதிநீருக்கு மாற்றும்போது, தொடக்க அழுத்தம் எதுவாயினும், காற்றின் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்பது மற்றொன்று. முதல் முடிவைப் படித்ததே தம் ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்தது என்று பாரன்ஹீட் பின்னர் எழுதினார்.

சுழியை நோக்கி ஒரு கணக்கு

அமோண்டனின் அளவுகோலில் நீர் கொதிநிலை 73 அங்குலம்; பனி உருகுநிலை 51½ அங்குலம். இன்றைய முறைப்படி, 100 டிகிரி செல்சியசுக்கு 21½ அங்குல வேறுபாடு. ஒரு டிகிரிக்கு 0.215 அங்குலம். குளிர்வித்துக்கொண்டே போனால் 51½ அங்குலமும் தீர்ந்து அழுத்தம் சுழியாவது எப்போது? 51.5 ÷ 0.215 = 239.5. அதாவது ஏறத்தாழ −240 டிகிரி செல்சியஸ்.

அழுத்தம் சுழிக்குக் கீழே போக முடியாது. ஆகவே குளிருக்கும் ஓர் எல்லை உண்டு என்ற எண்ணத்துக்கு இது வழி திறந்தது. 1779 இல் வெளியான இலாம்பர்ட்டின் நூலில் இந்த எல்லை −270 டிகிரிக்கு அருகே கணிக்கப்பட்டது. இன்றைய மதிப்பு −273.15.

பெயர்க் குழப்பம்

அமோண்டன் 1705 இல் மறைந்தார். 1787 அளவில் ழாக் சார்லஸ் வாயுக்களின் விரிவை ஆராய்ந்தார், ஆனால் வெளியிடவில்லை. 1802 இல் கே-லூசாக், அழுத்தம் மாறாதபோது பல்வேறு வாயுக்கள் ஒரே அளவில் விரிகின்றன என்று நுட்பமான அளவீடுகளுடன் காட்டினார். சார்லசின் முந்தைய பணியையும் நேர்மையாகக் குறிப்பிட்டார். அந்தக் கட்டுரையின் முதன்மைப் பொருள் பருமன், அழுத்தம் அன்று. பிற்காலப் பாடநூல்கள் பருமன் விதிக்குச் சார்லசின் பெயரையும் அழுத்த விதிக்குக் கே-லூசாக்கின் பெயரையும் வைத்தன. அமோண்டனின் பெயர் விடுபட்டுப்போயிற்று.

காரணம் என்ன?

1738 இல் தானியேல் பெர்னூலி, ஓயாது இயங்கும் நுண்துகள்கள் சுவரில் மோதுவதே வாயுவின் அழுத்தம் என்று விளக்கினார். வெப்பநிலை உயர்ந்தால் துகள்கள் விரைவாக ஓடும், அடிக்கடி மோதும், ஒவ்வொரு மோதலும் வலுவாக இருக்கும். இவ்விளக்கம் பரவலாக ஏற்கப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1848 இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, தனி வெப்பநிலை அளவுகோலை முன்மொழிந்தார்.

மாணவர் கவனத்துக்கு

"வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரி ஆனால் அழுத்தம் இரு மடங்காகும்" என்று விடைத்தாளில் எழுதுவோர் இன்றும் உண்டு. அது தவறு. 293 கெல்வின் 313 கெல்வின் ஆகிறது. அழுத்தம் ஏறத்தாழ 7 விழுக்காடுதான் கூடும்.

இன்னொரு பிழை டயர் கணக்கில் வரும். 27 டிகிரியில் டயர் அளவி 30 பவுண்டு காட்டுகிறது. வெயிலில் ஓடி 57 டிகிரி ஆனால் எவ்வளவு காட்டும்? 300 கெல்வின் 330 ஆவதால் 33 என்று விடை எழுதக் கூடாது. அளவி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் மட்டுமே. வளிமண்டலத்தின் ஏறத்தாழ 15 பவுண்டைச் சேர்த்தால் மொத்தம் 45, அதன் 1.1 மடங்கு 49.5, அதில் 15 ஐக் கழித்தால் 34.5. டயரின் பருமன் மாறவில்லை என்று கொண்டால் இதுவே சரியான விடை.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன், செவி கேளாத ஒருவர் தம் கண்ணாடிக் குழாயின் அருகில் நின்று வளிமண்டல அழுத்தத்தை மறவாமல் கூட்டினார். நாமும் அதை மறக்கக் கூடாது.