குரலால் அறியப்படும் கோள்கள்

தேர்த்திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தாய் முதலில் கண்ணால் தேடுகிறாள். ஒத்த உயரமும் ஒத்த உடையும் கொண்ட குழந்தைகள் பலர் நிற்குமிடத்தில் கண் மயங்கிவிடுகிறது. ஆனால், "அம்மா" என்று ஒரு குரல் எழுமாயின், தன் குழந்தை எங்கே நிற்கிறது என்பதை அவள் நொடியில் உணர்ந்துகொள்கிறாள். விண்வெளியிலும் இதனை ஒத்த சிக்கல் ஒன்று தோன்றியிருக்கிறது. ஒரே இராக்கெட்டில் ஏறிச் சென்று, ஒரே நாளில் விடப்படும் சிறு துணைக்கோள்களுள் எது எது என்று அறிவது எங்ஙனம்? நேயர்களே, இவ்வினாவின் வரலாற்றையே இன்று சுருக்கமாகக் காண்போம்.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதல் துணைக்கோளை விண்ணில் செலுத்தியது. அது 58 சென்டிமீட்டர் குறுக்களவுடைய ஓர் உலோக உருண்டை. அந்தி வானில் நகர்ந்து சென்ற ஒளிப்புள்ளியைக் கண்டு, செயற்கைச் சந்திரனைக் கண்டுவிட்டோம் என்று உலகெங்கும் மக்கள் மகிழ்ந்தனர். உண்மையில் அவர்களுட் பெரும்பாலோர் கண்டது, ஸ்புட்னிக்கைச் சுமந்து சென்று தானும் உடன் சுற்றிக்கொண்டிருந்த இராக்கெட்டின் பேருடலையே. சிறிய உருண்டையோ வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படவில்லை. எனினும் 20, 40 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்களில் அது இடையறாது ஒலித்துக்கொண்டிருந்தது. எளிய வானொலிப் பெட்டி வைத்திருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் அவ்வொலியைக் கேட்டனர். அவர்கள் கேட்டது ஸ்புட்னிக்கின் குரலே என்பதில் ஐயமில்லை.

அவ்வொலியைக் கூர்ந்து கேட்டவர்களுள் இருவர், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில் பணிபுரிந்த வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபன்பாக்கும் ஆவர். புகைவண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஒலி உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பதை நாம் அறிவோம். டாப்ளர் விளைவு எனப்படும் இம்மாற்றம் வானொலி அலைகளுக்கும் உண்டு. ஸ்புட்னிக் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் அதிர்வெண் எவ்வாறு மாறுகிறது என்பதை நுட்பமாக அளந்து, அதைக் கொண்டே அதன் பாதை முழுவதையும் அவர்கள் கணித்துவிட்டனர். ஓரிடத்தில் அமர்ந்து செவியால் கேட்டே ஒரு கோளின் வழியை வரையறுக்கலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இதன் பின்னர் இராக்கெட்டுகளில் கூட்டுப் பயணம் தொடங்கிற்று. 1960-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் அமெரிக்க இராக்கெட் ஒன்று இரண்டு துணைக்கோள்களை ஒருங்கே ஏந்திச் சென்றது. 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து புறப்பட்ட இராக்கெட்டில், அமெச்சூர் வானொலியாளர்கள் தாமே செய்த ஆஸ்கார்-1 என்னும் கோள் இடம்பெற்றது. எடைச் சமனுக்காக வைக்கப்படும் பாரத்திற்கு மாற்றாகவே அதற்கு இடம் கிடைத்தது. அதன் எடை ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம். மோர்ஸ் குறியில் 'ஹாய்' என்னும் ஒரே சொல்லை அது மூன்று வாரங்கள் ஒலித்தது. 28 நாடுகளைச் சேர்ந்த 570-க்கும் மேற்பட்ட அமெச்சூர்கள் அதனைக் கேட்டுக் குறித்தனுப்பினர்.

1999-ஆம் ஆண்டில் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் என்னும் பேராசிரியர் இருவர் பக்கத்திற்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத் துணைக்கோளுக்கு ஓர் அளவுநெறி வகுத்தனர். கியூப்சாட் எனப்படும் இது கல்லூரி மாணவரும் செய்யத்தக்கது. கோள் சிறுத்தது, செலுத்தும் செலவும் குறையத் தொடங்கியது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன்-9 இராக்கெட்டின் அடிக்கட்டம் பணி முடித்துத் தரைக்குத் திரும்பி நின்றது. 2017-ஆம் ஆண்டு மார்ச்சில், முன்னரே பறந்து வந்த அடிக்கட்டம் ஒன்று மீண்டும் துணைக்கோளைச் சுமந்து சென்றது. அதே ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த இந்திய இராக்கெட் 104 துணைக்கோள்களை ஒருங்கே விடுத்து உலகை வியக்கச் செய்தது.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், ஆஸ்கார்-1 புறப்பட்ட அதே வாண்டன்பர்க்கிலிருந்து பால்கன்-9 ஒன்று எழுந்தது. அதன் அடிக்கட்டத்திற்கு அது மூன்றாம் பயணம். முன்னர் வங்காளதேசத்திற்கும் இந்தோனேசியாவிற்கும் உரிய செய்தித்தொடர்புக் கோள்களை ஏந்திய அது, இம்முறை 17 நாடுகளைச் சேர்ந்த 64 சிறு துணைக்கோள்களைச் சுமந்தது. அவற்றுள் இந்தியத் தனியார் முயற்சியில் உருவான எக்சீட்சாட்-1 என்பதும் ஒன்று. அடிக்கட்டம் பசிபிக் கடலில் நின்ற கப்பலில் வந்திறங்கியது. மேலே சென்ற கோள்கள் சில மணி நேரத்திற்குள் ஒவ்வொன்றாக விடப்பட்டன.

சிக்கல் அங்கேதான் தொடங்கிற்று. ரேடார் கண்களுக்கு அவை அனைத்தும் புள்ளிகளாகவே தோன்றின. புள்ளிகளை எண்ணலாம், அவற்றின் பாதையை அளக்கலாம், பெயரை எவ்வாறு படிப்பது? விடும்போது கிடைக்கும் சிறு உந்தலே கோள்களைப் பிரிக்கிறது. அவ்வுந்தலால் விளைவதும் விந்தையானது. முன்னோக்கி உந்தப்பட்ட கோள் சற்றே உயர்ந்த பாதையை அடைகிறது. பாதை நீள்வதால் சுற்றி வரக் காலம் மிகுந்து, ஈற்றில் பின்தங்கிவிடுகிறது! வினாடிக்கு ஒரு மீட்டர் வேக வேறுபாடு, ஒரு நாளில் சுமார் 250 கிலோமீட்டர் இடைவெளியாக வளர்கிறது. வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் விரையும் கோள்களுக்கு அது அரை நிமிட வழியே ஆகும். பல வாரங்கள் கழிந்த பின்னரும் அக்கூட்டத்திற் பல பெயர் பெறாமலே சுற்றின.

பெயர் தெரியாமையால் விளைந்த இழப்பும் உண்டு. அமெரிக்காவின் நெவாடா கலைக் காட்சியகத்தின் ஆதரவில் டிரெவர் பாக்லன் என்னும் கலைஞர் அனுப்பிய ஒரு கோள், விண்ணில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பலூனை விரித்து விண்மீன்போல் மின்ன வேண்டும். அது எந்தப் புள்ளி என்று பிரித்தறிய இயலாமையால் பலூனை விரிக்கும் இசைவு தாமதமாயிற்று. அதற்குள் அமெரிக்க அரசு அலுவலகங்கள் பல, நிதி ஒதுக்கீட்டுப் பூசலால் மூடப்பட்டன. அவை திறப்பதற்குள் கோளுடன் இருந்த தொடர்பு அற்றுவிட்டது. பல ஆண்டு உழைப்பு விரியாமலே முடிந்தது.

இது ஒருவருடைய இழப்போடு நிற்பதன்று. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் சைபீரியாவிற்கு மேலே இரிடியம்-33 என்னும் கோளும், செயலற்றுப்போன காஸ்மாஸ்-2251 என்னும் கோளும் மோதிச் சிதறின. கண்காணிக்கத்தக்க அளவுள்ள துண்டுகளே இரண்டாயிரத்தை எட்டின. இத்தகைய மோதல் நெருங்கும்போது யாருக்கு எச்சரிக்கை விடுப்பது? பெயரற்ற புள்ளிக்கு உரிமையாளரும் இல்லை; பொறுப்பாளரும் இல்லை.

இந்நிலையில் மீண்டும் துணைக்கு வந்தது செவியே. கிரேக்க நாட்டில் தோன்றிய சாட்நாக்ஸ் என்னும் கூட்டமைப்பில், தன்னார்வலர்கள் பல நாடுகளில் தம் வீட்டு மாடிகளில் ஆண்டெனா அமைத்துத் துணைக்கோள்களின் ஒலியைப் பதிவு செய்கின்றனர். கோள் தலைக்குமேல் கடக்கையில் அதன் அதிர்வெண் வளைவு எந்த வினாடியில் நடுநிலையைத் தாண்டுகிறது என்று கணிக்கின்றனர். ரேடார் தந்த பாதைகளுள் எது அவ்வினாடியோடு பொருந்துகிறதோ, அதுவே அக்கோள். கையரும் வைஃபன்பாக்கும் கண்ட வழியே இது. ரேடார் இடத்தைச் சொல்ல, வானொலி பெயரைச் சொல்கிறது. பேசாத கோள்களை, ஏனையவற்றைக் கழித்துக் கழித்தே ஊகிக்க வேண்டியுள்ளது. அவற்றுட் சில முடிவு காணப்படாமலே நின்றுவிடுவதும் உண்டு.

2021-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் மற்றொரு பால்கன்-9 இராக்கெட் 143 கோள்களை ஒருங்கே கொண்டு சென்றது. ஐந்தாம் முறையாகப் பறந்தது அதன் அடிக்கட்டம். விண்ணுக்குச் செல்லும் வழி மலிவாகுந்தோறும் கூட்டம் பெருகும். ஆகவே, ஒரு கோளைச் செய்கின்றவர், அதனை விடுத்த முதல் நாளிலேயே "இதோ நான்" என்று அது தெளிவாகச் சொல்ல வழிசெய்தல் வேண்டும். அது பிறர்க்குச் செய்யும் உதவி மட்டுமன்று. தம் கோளுக்கே செய்துகொள்ளும் காப்பு. அக்குரலைக் கேட்டறியும் எளிய மனிதர் உலகெங்கும் விழித்திருக்கின்றனர் என்பது 1957 முதல் இன்றுவரை மாறாத உண்மை.