நாடு மாறும்போது வீட்டு இணையக் கருவிகள்

வீட்டு இணையக் கருவிகள் என்பவை தெருவிலிருந்து வரும் இணைய இணைப்பை வாங்கி, வீட்டிலுள்ள கணினி, கைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் மோடம், ஓஎன்டி, ரவுட்டர், வைஃபையை வீடெங்கும் பரப்பும் மெஷ் பெட்டி, சுவிட்ச் முதலியவை. வேலை, படிப்பு, திருமணம் என்று வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர்கள் இவற்றையும் கொண்டுபோகலாமா என்பதற்கு எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் பொதுவிதி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் கம்பியை ஒட்டி இருக்கும் கருவி அந்த நாட்டோடும் இணைப்பு தரும் நிறுவனத்தோடும் பிணைந்தது. வீட்டின் உட்புறம் நகர நகரக் கருவிகள் எந்த நாட்டிலும் வேலை செய்யும்.

கருவிகளும் அவற்றின் இடமும்

வெளிக்கம்பி வந்து முடியும் இடத்தில் இருப்பது மோடம். ஃபைபர் இணைப்பில் அதே இடத்தில் ஓஎன்டி இருக்கும். அதற்கு அடுத்தது ரவுட்டர். கடைசியில் லேன் கேபிள்களும் சுவிட்சும் வருகின்றன. லேன் கேபிளின் முனையும் அதில் ஓடும் ஈதர்நெட் முறையும் உலகம் முழுவதும் ஒன்றே. ஆகவே சுவிட்சும் கேபிளும் எங்கே கொண்டுபோனாலும் பழுதில்லாமல் பயன்படும்.

ரவுட்டரைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். லேன் கேபிள் செருகும் சதுரத் துளைகள் மட்டும் வரிசையாக இருந்து, அவற்றில் ஒன்று தனி நிறத்தில் வெளி இணைப்புக்கான வேன் போர்ட் என்று குறிக்கப்பட்டிருந்தால், அது கொண்டுபோகத் தக்க கருவி. பச்சை நிற ஃபைபர் முனையோ, திருகி மாட்டும் கேபிள் டிவி முனையோ, தொலைபேசிக் கம்பிக்கான சிறிய துளையோ இருந்தால் அது மோடமும் ரவுட்டரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. அப்படிப்பட்டதைப் பழைய வீட்டிலேயே விட்டுப்போவதுதான் பெரும்பாலும் சரி.

மின்சாரம்

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், பிற ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அங்கும் டோக்கியோ உள்ள கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஓசாகா உள்ள மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ்.

ரவுட்டர் இந்த மின்சாரத்தில் நேரடியாக ஓடுவதில்லை. உடன் வரும் அடாப்டர் அதைக் குறைந்த அழுத்த நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் அச்சாகியிருக்கும். உள்வரும் மின்சாரத்துக்கான வரியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் உலகின் எந்த வீட்டிலும் செருகலாம். பிளக்கின் வடிவத்தை மாற்றும் கன்வெர்ட்டர் மட்டும் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதை இந்தியாவில் செருகிய மாத்திரத்தில் எரிந்துபோகும். கன்வெர்ட்டர் பிளக்கின் முள்ளைத்தான் மாற்றுமே தவிர வோல்ட்டைக் குறைக்காது.

இரண்டாவது வரி வெளிவரும் மின்சாரத்தைச் சொல்வது. எடுத்துக்காட்டாக 12 வோல்ட், 1 ஆம்பியர். போகும் நாட்டிலேயே புது அடாப்டர் வாங்குகிறவர்கள் இந்த வரியைப் பார்த்து வாங்க வேண்டும். வோல்ட் அதேயளவு இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் பருமனும், நடுவில் இருப்பது நேர்முனையா எதிர்முனையா என்பதும் ஒத்துப்போக வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கும் 12 வோல்ட் ரவுட்டருக்கும் முனை ஒரே மாதிரி இருப்பதுண்டு. மாற்றிச் செருகினால் கருவி கெட்டுப்போகலாம்.

வெளிக்கம்பியின் வகைகள்

*ஃபைபர்.* உலகில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஒரே இழையின் ஒளி வழியில் பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. வீட்டை நோக்கி வரும் ஒளி 1490 நானோமீட்டர்; வீட்டிலிருந்து போவது 1310 நானோமீட்டர். எல்லா வீடுகளும் ஒரே இழையைப் பகிர்வதால் ஒவ்வோர் ஓஎன்டியும் தனக்கு ஒதுக்கிய நொடித்துளியில் மட்டுமே ஒளி அனுப்ப வேண்டும். முறை தவறி அனுப்பும் ஒரு பெட்டி, அந்த இழையில் உள்ள எல்லா வீடுகளின் இணைப்பையும் குலைத்துவிடும். அதனால் நிறுவனங்கள் ஒவ்வோர் ஓஎன்டியின் வரிசை எண்ணையும் பதிந்துகொண்டு, பதிவில் இல்லாததை ஏற்பதில்லை. வரிசை எண்ணின் முதல் 4 எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். சென்னையில் பயன்படுத்திய ஓஎன்டியை ஆக்லாந்தில் மாட்டினால் விளக்கு எரியலாம், இணைப்பு கிடைக்காது. ஜப்பான் போன்ற நாடுகளில் ஜிபானுக்குப் பதில் ஈபான் என்ற வேறு முறை பரவலாக இருப்பதும் இன்னொரு தடை.

*கேபிள்.* வட அமெரிக்காவில் கேபிள் டிவிக் கம்பி வழியாக வரும் இணையம் பெரிய அளவில் உண்டு. அதற்கான டாக்சிஸ் தரம் 1997இல் வெளிவந்தது. அமெரிக்க முறையில் ஒரு சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பிய முறையில் 8 மெகாஹெர்ட்ஸ். 3.0 பதிப்பு வரையிலான மோடம்களில் இந்த வேறுபாடு நீடித்ததால் அமெரிக்க மோடத்தை ஐரோப்பாவில் பயன்படுத்துவது கடினம். 3.1 பதிப்பு இந்தப் பிரிவினையைக் குறைத்தது. ஆனாலும் மோடத்தின் அடையாள எண்ணான மேக் முகவரியை நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்தால்தான் அது இயங்கும்.

*தொலைபேசிக் கம்பி.* செப்புக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் முறையில் சாதாரணத் தொலைபேசிக்கு அனெக்ஸ் ஏ, ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசிக்கு அனெக்ஸ் பி என்று இரண்டு வகைகள் இருந்தன. ஜெர்மனி இரண்டாவதைப் பின்பற்றியதால் பிற நாட்டு மோடம்கள் அங்கே ஒத்துவரவில்லை. சுவரில் உள்ள சாக்கெட்டும் பிரிட்டனில் ஒரு வடிவம், ஜெர்மனியில் ஒரு வடிவம், பிரான்சில் ஒரு வடிவம். பிரிட்டன் பழைய தொலைபேசிக் கட்டமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடத் திட்டமிட்டிருக்கிறது. அங்கே வீட்டுத் தொலைபேசி இனி ரவுட்டரில்தான் செருகப்படும். நிறுவனம் தரும் ரவுட்டரை எடுத்துவிட்டுச் சொந்த ரவுட்டரை வைத்தால் தொலைபேசியும் சேர்ந்து நின்றுபோகக்கூடும்.

வைஃபை அலைவரிசைகள்

ரவுட்டர் ஒரு வானொலிக் கருவி. எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவில் ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனியே முடிவுசெய்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெரிக்காவுக்கான கருவிகள் வழக்கமாக 1 முதல் 11 வரையுள்ள சேனல்களையே பயன்படுத்துகின்றன. இந்தியா, ஐரோப்பா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளில் 13 வரை உண்டு. இதனால் விசித்திரமான ஒரு கோளாறு வருவதுண்டு. இந்தியாவிலிருந்து போன ரவுட்டர் தானாக 13ஆம் சேனலைத் தேர்ந்துகொள்ளும். கூடவே வந்த கைபேசியில் வைஃபை தெரியும். அமெரிக்காவில் வாங்கிய மடிக்கணினியிலோ அந்தப் பெயரே தோன்றாது. சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாகக் கையால் அமைத்தால் தீர்ந்துவிடும்.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையை இந்தியா 2018இல் விரிவாகத் திறந்துவிட்டது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமாகப் பயன்படும் 149 முதல் 165 வரையுள்ள சேனல்களுக்கு ஜப்பானில் அனுமதி இல்லை. ஐரோப்பாவில் மிகக் குறைந்த வலுவில் மட்டும் உண்டு. இந்தப் பட்டையின் நடுப்பகுதியில் வானிலை ரேடார்களும் இயங்குவதால், அங்குள்ள சேனல்களில் ரேடாரின் அலை தட்டுப்பட்டால் ரவுட்டர் தானாக விலக வேண்டும் என்பது விதி. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெரிக்கா 2020இல் 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் 480 மெகாஹெர்ட்ஸ் மட்டும் தந்தது.

வலுவிலும் பெரிய வேறுபாடு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஐரோப்பிய வரம்பு 100 மில்லிவாட். இந்தியாவில் ஆண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் வரை அனுமதி. ஆகவே அமைப்புப் பக்கத்தில் நாட்டின் பெயரை மாற்றும் வசதி இருந்தால், போய்ச் சேர்ந்ததும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் ரவுட்டர்களில் இந்த வசதி பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். பயனர் நாட்டுக் குறியீட்டை மாற்றி அமெரிக்க வரம்பைத் தாண்ட இடம் கொடுத்ததற்காக, டிபி-லிங்க் நிறுவனம் 2016இல் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 2 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது.

வீடு கட்டும் முறையும் அலையின் வீச்சைத் தீர்மானிக்கிறது. வட அமெரிக்க வீடுகள் பல மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்டவை. அலை எளிதில் ஊடுருவும். அங்கே இரண்டு மாடிக்கும் போதுமாயிருந்த ஒரே ரவுட்டர், தமிழ்நாட்டின் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள வீட்டில் அடுத்த அறையைத் தாண்டத் திணறும்.

சான்றும் சட்டமும்

ஒவ்வொரு நாடும் வானொலிக் கருவிகளுக்குத் தன் சான்றை வலியுறுத்துகிறது. ஐரோப்பாவில் சிஇ குறி, அமெரிக்காவில் எஃப்சிசி எண், ஆஸ்திரேலியாவில் ஆர்சிஎம் குறி, ஜப்பானில் கிதெகி குறி. இலங்கையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு வகை ஒப்புதல் தருகிறது. ஒரே மாதிரி ரவுட்டர் பல நாடுகளில் விற்கப்படுவதால் ஒரே பெட்டியின் அடியில் பல குறிகள் அச்சாகியிருப்பதும் உண்டு. ஜப்பான் இதில் கண்டிப்பானது. குறுகிய காலத்துக்கு வருகிறவர்களின் வைஃபை கருவிகளுக்கு 90 நாள் சலுகை இருக்கிறது. குடியேறுகிறவர்கள் கிதெகி குறியுள்ள கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சொந்த ரவுட்டர் வைத்துக்கொள்ளும் உரிமை

நிறுவனம் தரும் பெட்டியைத்தான் வைக்க வேண்டுமா என்பது நெடுங்காலச் சர்ச்சை. அமெரிக்காவில் 1968இல் வந்த கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு, தொலைபேசிக் கம்பியில் பிறர் தயாரித்த கருவிகளையும் இணைக்க வழி திறந்தது. அங்கே 2019இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வாடிக்கையாளர் சொந்தக் கருவியைப் பயன்படுத்தும்போது நிறுவனம் அதற்கு வாடகை வாங்குவதைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதிமுறை, விரும்பிய முனையக் கருவியைப் பயன்படுத்தும் உரிமையைப் பயனருக்கு அளிக்கிறது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், வேண்டுகிறவர்களுக்கு உள்நுழைவு விவரங்களை நிறுவனங்கள் தந்தாக வேண்டும். இத்தாலி 2018இல் இதே வழியில் ஆணை பிறப்பித்தது. இப்படிப்பட்ட விதி இல்லாத நாடுகளிலும், நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டரை இணைத்துக்கொள்ளலாம்.

புதிய இணைப்பில் அமைத்தல்

பழைய நாட்டின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள் அப்படியே இருக்கும். ரீசெட் துளைக்குள் ஊக்கை வைத்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்த பிறகே தொடங்க வேண்டும்.

அடுத்து, புதிய நிறுவனம் இணைப்பை எப்படித் தருகிறது என்று கேட்டறிய வேண்டும். கேபிளைச் செருகியதும் தானாக ஐபி முகவரி கிடைப்பது ஒரு முறை. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ இன்னொரு முறை. இவற்றோடு, ஒரே கம்பியில் இணைப்பைத் தனித் தடமாகப் பிரிக்கும் விலேன் எண்ணும் தேவைப்படலாம். ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் 7, மலேசியாவின் யூனிஃபை 500, நியூசிலாந்தின் ஃபைபர் கட்டமைப்பு 10 என்று ஒவ்வோர் இடத்தில் ஓர் எண். விலேன் எண்ணை அமைக்கும் வசதி இல்லாத மலிவு ரவுட்டர் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஜப்பானின் பல இணைப்புகளில் மேப்-ஈ, டிஎஸ்-லைட் என்ற முறைகள் வழக்கிலிருக்கின்றன. வெளிநாட்டு ரவுட்டர்களில் பல இவற்றை அறியாதவை.

நிறுவனத்தின் பெட்டியும் ரவுட்டராக வேலை செய்தால், இணைப்பை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு அதை மாற்றச் சொல்லலாம். அல்லது சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைத்து வைஃபைக்கு மட்டும் பயன்படுத்தலாம். பிந்தைய வழியில் பிபிபிஓஇ, விலேன் தொல்லைகள் எதுவும் வராது. பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் வைத்தால், கூடவே வந்த டிவி, அச்சுப்பொறி, கேமரா எல்லாம் கேள்வி கேட்காமல் சேர்ந்துகொள்ளும்.

சிம் ரவுட்டர்கள்

சிம் போட்டு இயங்கும் 4ஜி, 5ஜி ரவுட்டர்களில் இரண்டு சிக்கல்கள். நிறுவனம் தந்த கருவியாக இருந்தால் வேறு சிம்மை ஏற்காதபடி பூட்டியிருக்கலாம். பூட்டு இல்லாவிட்டாலும் அலைவரிசை பொருந்த வேண்டும். இந்தியாவின் 4ஜியில் 3, 5, 40 ஆகிய பட்டைகள் முக்கியமானவை. அமெரிக்காவில் 2, 12, 13, 66, 71. பட்டைகள் பொருந்தாத கருவி, சிக்னலே காட்டாமலோ வேகம் குறைந்தோ இயங்கும்.

கிளம்புமுன்

நிறுவனம் தந்த ஓஎன்டி, செட்-டாப் பெட்டி முதலியவை வாடிக்கையாளருக்குச் சொந்தமல்ல. இணைப்பைத் துண்டிக்கும் நாளில் அவற்றைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டால்தான் டெபாசிட் திரும்பும். பின்னாளில் பாக்கி என்று பில்லும் வராது.

மின்வெட்டுக்காக ரவுட்டரோடு வைக்கும் மினி யுபிஎஸ்ஸில் லித்தியம் பேட்டரி உள்ளது. விமானத்தில் அது பவர் பேங்க்போலக் கருதப்படுவதால் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணிக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 3.7 வோல்ட், 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது 37 வாட்-மணி; வரம்புக்குள் அடங்கும்.

பாதுகாப்பும் ஆயுளும்

ரவுட்டரின் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும். உள்மென்பொருளும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், புதுப்பிப்பை இறக்கும்போது அந்தக் கருவி எந்த நாட்டுக்காகத் தயாரானதோ அந்நாட்டுப் பதிப்பையே எடுக்க வேண்டும். மாறினால் கருவி செயலிழக்கலாம். 2020 ஜூலை முதல் வைஃபை சான்று பெறும் புதிய கருவிகளுக்கு டபிள்யூபிஏ3 பாதுகாப்பு கட்டாயமாகியிருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லுடன் கருவிகளை விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டன் தடைசெய்துள்ளது. தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய ரவுட்டர், மின்சாரம், அலைவரிசை, இணைப்பு முறை மூன்றும் பொருந்தினாலும் சுமந்துசெல்லத் தக்கதல்ல. அதன் அமைப்புகளை அழித்து மின்கழிவுச் சேகரிப்பில் சேர்த்துவிட்டு, போகும் நாட்டிலேயே புதிது வாங்குவது நல்லது.