டபுள் பேஸ்: தனி வாசிப்பும் அதைக் கேட்கும் காதும்

வில் போட்டு வாசிக்கும், பரவலாகப் புழங்கும் மேற்கத்தியத் தந்தி வாத்தியங்களுள் உருவில் பெரியதும் சுருதியில் தாழ்ந்ததும் டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும் இதை நின்றபடியோ உயரமான முக்காலியில் சாய்ந்தபடியோதான் வாசிக்க முடியும். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே உள்ள உறவு ச–ம. வயலினில் அது ச–ப. ஆகக் கீழான தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஆர்கெஸ்ட்ராவின் ஓரத்தில் வரிசையாக நின்று மற்றவர்களின் இசைக்கு அடித்தளம் போடுவதே இதன் வேலை என்று நெடுங்காலம் இருந்தது. ஒருவர் இதைத் தனியாக மேடையின் முன்பக்கம் கொண்டுவந்து வாசிக்கும்போது எதைக் கேட்பது, எதை வைத்து அது நன்றென்பது? இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் இது புழக்கத்தில் உள்ள வாத்தியம் இல்லை. ஆனாலும் இதை ரசிப்பதற்கு வேண்டிய காது இந்த வட்டாரத்தில் பழக்கப்பட்டே இருக்கிறது என்பதும், வேகத்தையும் உச்ச ஸ்தாயியையும் வைத்து இதை மதிப்பிடும் மேடைப் பழக்கம் பிழையானது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அளவுகள். பரவலாகப் புழங்கும் டபுள் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் ஏறக்குறைய 105 சென்டிமீட்டர், வயலினில் 33. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எல்லாம் பிறக்கின்றன. வெறுந்தந்தியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், சதுச்ருதி ரிஷபத்தைப் பிடிக்க வயலின்காரரின் விரல் மூன்றரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். டபுள் பேஸ்காரரின் விரல் பதினொன்றரை சென்டிமீட்டர் போக வேண்டும். தந்தியின் அந்தப் பகுதியில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது பல சமயம் விரலசைவோடு முடியாது. முழங்கையும் தோளும் சேர்ந்து நகர வேண்டியிருக்கிறது. வேகத்துக்கு இது தடைதான். ஆனால் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இவ்வளவு அகலமான நிலம் கிடக்கும்போது, வழுக்கிப் போகும் ஒவ்வோர் இழைப்புக்கும் வடிவம் கொடுக்க இடம் கிடைக்கிறது. கமகத்தில் வளர்ந்த காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுரத்தைத் தொட்டதைவிட, தொடுவதற்கு எப்படிப் போனார் என்பதையே நாம் கச்சேரியில் கவனிக்கிறோம். வில்லின் கதை இதற்கு நேர் எதிர். தந்தி மூன்று மடங்கு நீளம், கனமோ இன்னும் அதிகம். வில் மட்டும் வயலின் வில்லைவிடச் சற்றுக் குட்டை. நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் வில்லைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும், அந்தத் திருப்பம் காதில் விழக் கூடாது. பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது போல இவர் வில் திருப்பும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வில்தான் ஞானம் தெரியும்.

வில் தந்தியை இழுக்கும்போது நடப்பது பிடித்தலும் வழுக்கலும். பிசின் பூசிய வில் மயிர் தந்தியைப் பிடித்துச் சிறிது தூரம் இழுத்துச் செல்கிறது, தாங்காமல் தந்தி நழுவுகிறது, மறுபடி பிடிபடுகிறது. மெல்லிய தந்தியில் இந்த ஒழுங்கு சட்டென்று அமைந்துவிடும். கனத்த தந்தியில் அது அமையும் வரை ஒரு கணம் உரசலும் முனகலும் கலந்த ஒலி கேட்கும். சுரம் அதற்குப் பின்னால்தான் எழும். தூய்மை விரும்பிகள் இதைக் குறை என்பார்கள். தென்மாவட்டக் கோயில் விழாக்களில் உறுமி கேட்டவர் அப்படிச் சொல்லத் தயங்குவார். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும், ஏறி இறங்கும் அடிக்குரல்தான் அதன் பெயருக்கே காரணம். அங்கும் நடப்பது அதே பிடித்தலும் வழுக்கலும். தந்திக்குப் பதில் தோல், அவ்வளவே. உறுமியில் உரசலை யாரும் பிழை என்று சொன்னதில்லை, உயிர் என்றே சொன்னார்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் எழும் கும்கியும் இதே இனம்: தாழ்ந்த ஒலி ஒன்று அசைந்து, வளைந்து, அடங்கும் அழகு. தோல் கருவியையும் தந்திக் கருவியையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்கலாம். ராகம் பாட முடியாத ஒன்றிலிருந்து ராகம் பாடக்கூடிய ஒன்றுக்கு அளவுகோலை எடுத்துப்போக முடியாதுதான். நான் எடுத்துப்போவது சுரத்தின் அளவுகோலை இல்லை, ஒலியின் தோற்றத்தைக் கேட்கும் பழக்கத்தை. ஒரு ஒலி எப்படிப் பிறக்கிறது, எப்படி வளைகிறது, எங்கே அடங்குகிறது என்பதை உறுமியில் கேட்டறிந்த காது டபுள் பேஸின் கீழ்த் தந்தியிலும் அதையே தேடும், தேடினால் கிடைக்கும்.

வழக்கமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இவ்வளவு கீழே இறங்கிவிட்டால் உணர்ச்சி எங்கே இருக்கும், சுரமே சரியாகக் காதில் விழாதே என்பது. இதில் பாதி உண்மை. நொடிக்கு 41 அதிர்வு என்றால் ஓர் அதிர்வுக்கே ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. சுரத்தை இனம் காணக் காதுக்குச் சில அதிர்வுகளாவது வேண்டும். ஆகவே அடித் தந்தியில் துரித காலம் கலங்கலாகத்தான் கேட்கும். ஆனால் வாத்தியம் முழுவதும் அந்த அடியிலேயே கிடப்பதில்லை. மேல் தந்தி 98 அதிர்வில் தொடங்குகிறது. வயது வந்த ஆண் பேசும்போது குரல் புழங்கும் இடமும் ஏறத்தாழ அதுதான். டபுள் பேஸின் மேல் தந்திகளில் பாடும் சொற்றொடர் ஒன்று கேட்பவர் நெஞ்சில் ஆள் பேசுவது போல விழுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். பீத்தோவன் இதை அறிந்தே செய்தார். 1824இல் வியன்னாவில் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில், மனிதக் குரல் நுழையும் முன்னால், டபுள் பேஸைவிடச் சிறிய செல்லோக்களும் டபுள் பேஸ்களும் சேர்ந்து சொல் இல்லாமல் பேசுகின்றன. பிறகு எழும் பாடகர் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகவே வருகிறார். நம் பக்கத்தில் எம். டி. ராமநாதனைக் கேட்டவர்களுக்கு இந்த வாதம் வேறு வழியிலும் பிடிபடும். வழக்கமான ஆண் சுருதிக்கு மிகவும் கீழே, சௌக்க காலத்தில், நிறுத்தி நிறுத்திப் பாடியவர் அவர். கேலி செய்தவர்களும் இருந்தார்கள். தாழ்ந்த குரலும் தாமதமும் சேர்ந்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் எடை கூடுகிறது என்பதை அவருடைய பதிவுகள் இன்றும் சொல்கின்றன.

பக்கவாத்தியத்தைத் தனியாக முன்னால் நிறுத்துவது இயல்புக்கு மாறானது என்பது இன்னொரு ஆட்சேபம். இராமநாதபுரம் சீமையில் இதைச் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை இருவரோடும் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகள் என்று எண்ணப்படும் சி. எஸ். முருகபூபதி இராமநாதபுரத்துக்காரர், 1914இல் பிறந்தவர். தந்தை சித்சபை சேர்வை மிருதங்கக்காரர், உடன்பிறந்த சி. எஸ். சங்கரசிவம் பாடகர், மதுரை டி. என். சேஷகோபாலனின் குரு. கச்சேரி முழுக்கப் பாட்டுக்குத் துணை நிற்கும் கருவிக்குத் தனி ஆவர்த்தனம் என்று ஓர் இடம் ஒதுக்கி, அதற்குத் தனி ரசனையும் வளர்த்த மரபு இது. துணைக்கு நிற்பதில் பெற்ற பொறுமையே தனியில் கணக்கின் நிதானமாக வெளிப்படுகிறது என்பதை இங்கே யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். வயலினையும் எண்ணிப் பார்க்கலாம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர். பின்னாளில் கமுதிக்குத் தென்மேற்கே அதிகத் தொலைவில்லாத எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்துவான். அவர் வழியாக வந்த வயலின் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்தது. இருபதாம் நூற்றாண்டில் துவாரம் வெங்கடசாமி நாயுடு போன்றவர்கள்தான் தனிக் கச்சேரிக்கு வழி திறந்தார்கள். இடம் மாறியதே தவிர வாத்தியத்தின் இயல்பு கெட்டுவிடவில்லை.

மேற்கிலும் தனி வாசிப்பு நேற்று வந்ததில்லை. ஹெய்டன் 1761இல் எழுதிய மூன்று சிம்பொனிகளில் டபுள் பேஸுக்குத் தனிப் பத்திகள் இருக்கின்றன. வெனிஸ்காரரான டபுள் பேஸ் கலைஞர் டிராகொனெட்டி 1799இல் வியன்னாவில் பீத்தோவனைச் சந்தித்து, அவர் செல்லோவுக்கு எழுதிய சொனாட்டா ஒன்றைத் தம் பெரிய வாத்தியத்தில் வாசித்துக் காட்டினார் என்பது புகழ்பெற்ற செய்தி. அடுத்து வந்த ஜியொவான்னி பொட்டெசீனி 1835இல் மிலான் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது, உதவித்தொகையோடு காலியாக இருந்த இடங்கள் இரண்டே: ஒன்று பஸூன், மற்றது டபுள் பேஸ். அவர் இரண்டாவதைப் பிடித்தார். வேறு வாய்ப்பு இல்லாமல் பிடித்த வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்று, 1871இல் கெய்ரோவில் வெர்தியின் ‘அயீதா’ இசைநாடக அரங்கேற்றத்தை நடத்திக் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். ரஷ்யாவின் செர்கே குஸெவிட்ஸ்கியும் டபுள் பேஸ் கலைஞராகத் தொடங்கி, பிறகு பாஸ்டன் சிம்பொனியைக் கால் நூற்றாண்டு நடத்தியவர்.

இவர்களின் வாசிப்பிலிருந்துதான் வலுவான ஆட்சேபமும் வருகிறது, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. பொட்டெசீனியின் இசையைக் கேளுங்கள்: பெரும்பாலும் மேல் ஸ்தாயியில், தந்தியின் கீழ்ப்பாதியில் (விரல் கீழே இறங்க இறங்கச் சுரம் ஏறும்), விரல் லேசாகத் தொட்டு எழுப்பும் புல்லாங்குழல் போன்ற மெல்லொலிகளில்தான் சஞ்சாரம். தனி வாசிப்புக்காக மெல்லிய தந்தி போட்டுச் சுருதியை ஒரு முழுச் சுரம் ஏற்றிக்கொள்ளும் வழக்கமும் நிலைத்துவிட்டது. மேலே போய்த்தான் பாட வேண்டுமென்றால் செல்லோவையே எடுத்துக்கொள்ளலாமே, இந்தப் பெரிய பெட்டி எதற்கு? நியாயமான கேள்வி. மேலே போவதை மட்டும் சாதனையாகக் காட்டும் வாசிப்பு, யானை சைக்கிள் ஓட்டும் சர்க்கஸ்தான். சேன்-சான்ஸ் 1886இல் எழுதிய விலங்குகள் தொகுதியில் யானைக்கு டபுள் பேஸைக் கொடுத்த கிண்டலிலிருந்து அது அதிகம் விலகிவிடவில்லை. ஆனால் நல்ல கலைஞரிடம் மேல் ஸ்தாயி வேறு பொருள் தருகிறது. ஒரே சுரம் செல்லோவில் சௌகரியமாக விழும், டபுள் பேஸில் அது தொண்டை இறுகிய குரலாக வரும். 1889இல் புடாபெஸ்ட்டில் அரங்கேறிய மாலரின் முதல் சிம்பொனியில், குழந்தைப் பாட்டு ஒன்றைச் சோக ஸ்வரங்களில் மாற்றி ஒற்றை டபுள் பேஸிடம் கொடுத்தது இந்த இறுக்கத்துக்காகவே. செல்லோவில் வாசித்தால் அந்த இடம் வெறும் அழகாகிவிடும். அமெரிக்கரான கேரி கார் 1962இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் இளைஞர் கச்சேரியில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் முன்னிலையில் வாசித்தது முதல் டபுள் பேஸையே தம் வாழ்நாள் தனித் தொழிலாகக் கொண்டவர். எட்கர் மேயர் பாக்கின் செல்லோத் தனித்தொகுதிகள் மூன்றை டபுள் பேஸில் பதிவு செய்திருக்கிறார். இவர்களிடம் மேல் ஸ்தாயி கீழேயுள்ள கனத்தை மறைப்பதில்லை. எங்கிருந்து ஏறி வந்தது என்பது காதில் இருந்துகொண்டே இருக்கிறது. இந்த வகைக் கலைஞரையும் சர்க்கஸ்காரரையும் பிரித்தறிய இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியவில்லை: அவர் மேலிருந்து கீழே திரும்பும்போது கேளுங்கள். இறங்கிய இடத்தில் தங்குகிறாரா, அடுத்த ஏற்றத்துக்கு மிதித்துவிட்டுப் போகிறாரா?

இந்திய இசையோடு இந்த வாத்தியம் உண்மையாகவே கலந்த நிகழ்வு ஒன்றும் மேயர் வழியாக நடந்தது. பான்ஜோ கலைஞர் பேலா ஃப்ளெக், தபலா மேதை ஜாகிர் உசேன் இருவரோடும் சேர்ந்து மேயர் இயற்றிய ‘தி மெலடி ஆஃப் ரிதம்’ 2009இல் இசைத்தட்டாக வந்தது. 2023இல் புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியாவும் சேர்ந்த ‘ஆஸ் வி ஸ்பீக்’ அடுத்த ஆண்டில் இரண்டு கிராமி விருதுகள் பெற்றது. ஜாகிர் 2024 டிசம்பரில் மறைந்தார். இந்தப் பதிவுகளில் கவனிக்க வேண்டியது தபலா இணையில் தாழ்ந்த ஒலி தரும் பாயாவும் டபுள் பேஸும் பேசிக்கொள்ளும் இடங்கள். இரண்டும் தாழ்ந்த ஒலிகள், இரண்டும் வளையக்கூடியவை. உள்ளங்கையின் அடியால் அழுத்தி ஜாகிர் வளைப்பதை மேயர் விரலால் இழைத்து வளைக்கிறார். உறுமிக்கும் வில்லுக்கும் மேலே சொன்ன உறவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

கேட்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் நொடிக்குச் சில நூறு அதிர்வுக்குக் கீழே எதையும் சரியாகக் கொடுக்க முடியாது. அடிச் சுரம் வராமலே மேலுள்ள உபசுரங்களை வைத்து மூளை அதைக் கற்பித்துக்கொள்கிறது. சுரம் தெரிகிறது, எடை தெரிவதில்லை. தென்மாவட்டத்தில் ஒரு தலைமுறை திரைப்பாட்டைக் கேட்டது திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கட்டிய கூம்புக் குழாய்களில்தான். குரலையும் நாயனத்தையும் ஊர் முழுக்க எறிந்த அந்தக் குழாய்கள் பேஸை மட்டும் விழுங்கிவிட்டன. இளையராஜா எழுபதுகளின் கடைசியிலிருந்து பாட்டுக்கு அடியில் ஓடவிட்ட பேஸ் வரிகளைப் பலர் பல ஆண்டுகள் கழித்து, டேப் ரெக்கார்டரோடு ஹெட்போன் வந்த பிறகுதான் முதல் முறையாகக் கேட்டார்கள். டபுள் பேஸ் தனி வாசிப்பை நல்ல ஹெட்போனிலோ பெரிய பாக்ஸிலோ கேட்க வேண்டும். ஒலியளவு அதிகம் வேண்டாம், சுற்றிலும் சத்தம் குறைவாக இருந்தால் போதும். பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தால் காது தவறவிட்ட அடிச் சுரம் கைக்குத் தெரியும்.